யாரு வரணும்?

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் கம்பளி உதறும் சத்தம் கேட்டால், உள்ளே படுத்திருப்பவர் தேறமாட்டார் என்று அர்த்தம். டோலிக்காரர் வந்துவிட்டார். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு உதறு உதறுவார். செருப்பில்லாத காலை வாசல் சாக்கில் தேய்த்துக்கொண்டு, நிலையில் இடிக்காமல் குனிந்து உள்ளே வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்காருவார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டார். கஞ்சி இறங்குகிறதா என்று கேட்கமாட்டார். அதையெல்லாம் கேட்பதற்குத்தான் ஊர் இருக்கிறதே. அவருக்கு ஒரே கேள்வி.

"யாரு வரணும்?"

கேட்டுவிட்டுக் காத்திருப்பார். யாரும் வேண்டாம் என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அவர் எழுந்திருக்கமாட்டார். சுவரில் மாட்டியிருக்கும் திருஇருதய ஆண்டவர் படத்தை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். அரைமணி போகும், ஒருமணி போகும். கடைசியில் கட்டிலிலிருந்து ஒரு பெயர் வரும். பத்துப் பதினைந்து வருஷமாக அந்த வீட்டில் சொல்லக்கூடாத பெயராக அது இருக்கும். தம்பி, சம்பந்தி, ஓடிப்போன மகன், வழக்குப் போட்ட பங்காளி, யாரோ ஒருவர். பெயர் வந்ததும் டோலிக்காரர் கம்பளியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். போய்க் கூட்டிக்கொண்டு வருவார்.

அவருடைய கிறிஸ்தவம் முழுவதும் அவ்வளவுதான். ஞானோபதேசத்தில் ஆண்டவர் கொடுத்த பத்துக் கற்பனைகளை வரிசையாகச் சொல்லத் தெரியாது. பூசையில் கடைசித் தூணில் சாய்ந்து, பிரசங்கம் ஆரம்பித்ததும் தூங்கிவிடுவார். ஒருமுறை பங்குச்சாமியார் பிரசங்கத்தில் அவரைப் பற்றியே பத்து நிமிஷம் பேசினார். அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் சொன்னோம். "சாமிக்கு இன்னைக்கு வேற சங்கதி ஒண்ணும் கெடைக்கல போல" என்று சுருட்டைப் பற்றவைத்தார்.

பஸ் ரோடு வருவதற்கு முன்பு துரைமார்களையும் துரைசானிகளையும் நாற்காலியில் உட்காரவைத்து, பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து மலைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்களே, அந்த டோலி தூக்கினவர்களில் கடைசி ஆட்களில் ஒருவர். வாலிபத்தில் தூக்கியது. இடது தோளில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு காய்ப்பு கடைசிவரை இருந்தது. எனக்குத் தெரிந்த காலத்தில் உருளைக்கிழங்கு மூட்டையும் விறகும் சுமந்துகொண்டிருந்தார். செண்பகனூருக்குக் கீழே ஒரு தகரக் குடிசை. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஏன் இந்த வேலையை எடுத்துக்கொண்டார் என்பதற்கு ஊரில் நாலு கதைகள் உண்டு. நாலும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. அவரிடமே கேட்டால், "சாகக் கெடக்கிறவங்களுக்கு வேற என்னங்க சோலி? யாருக்காச்சும் காத்துக்கிட்டு இருக்கிறதுதான்" என்பார். அது பதில் இல்லைதான்.

எல்லோரும் அவரைக் கொண்டாடினார்கள் என்று நினைக்க வேண்டாம். பாதிப் பேருக்கு அவரைக் கண்டால் பயம். சிலர் காதுபடவே சாவுக்குருவி என்பார்கள். காய்ச்சல் என்று படுத்த வீட்டுக்காரி அவர் தெருவில் போவதைப் பார்த்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். இன்னொரு பயமும் உண்டு. அவர் கூப்பிட வந்தால் போகாமல் இருக்க முடியாது. சத்தம் போடமாட்டார், புத்தி சொல்லமாட்டார், வேத வசனம் எடுத்து விடமாட்டார். வாசலில் உட்கார்ந்துவிடுவார். சாரலில் நனைந்துகொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒருவர் வாசலில் உட்கார்ந்திருந்தால் எந்த வீட்டில் சோறு இறங்கும்?

அட்டுவம்பட்டியில் அண்ணன், வில்பட்டியில் தம்பி. எல்லையில் நின்ற ஒரு பேரிக்காய் மரத்துக்காகப் பேச்சு வார்த்தை அறுந்துபோனவர்கள். அந்த மரத்தை வெட்டியும் ஆகிவிட்டது. சண்டை மட்டும் பட்டுப்போகவில்லை. அண்ணன் விழுந்தபோது டோலிக்காரர் வில்பட்டிக்குப் போனார். தம்பிக்கு ஒரு கால் விளங்காது. "நடக்க மாட்டாதவன் எப்படிய்யா வர்றது?" என்று அதையே சாக்காகச் சொன்னார். டோலிக்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டு குனிந்தார். ஏறிய பிற்பாடும் தம்பிக்கு வாய் ஓயவில்லை. அண்ணனைத் திட்டினார், அண்ணியைத் திட்டினார், சுமக்கிறவரைத் திட்டினார். பாதி வழியில் மனசு மாறி, இறக்கிவிடு என்று டோலிக்காரரின் முடியைப் பிடித்து இழுத்தார். "துரைசானிங்களும் இப்படித்தான் இழுப்பாங்க. கெட்டியாப் பிடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாராம்.

அங்கே போனதும் அவர் செய்வது ஒன்றுதான். வந்தவரின் வலதுகைக் கட்டைவிரலைப் பிடித்து, படுத்திருப்பவரின் நெற்றியில் வைப்பார். அந்த விரலால் ஒரு சிலுவை போடவேண்டும். மன்னிப்பு, சமாதானம் என்று ஒரு வார்த்தை பேசவேண்டியதில்லை. அதற்குப் பிறகுதான் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசுவார். எங்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. டோலிக்காரர் வந்தாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் சாமியாரே கிளம்புவார்.

எல்லாம் நல்லபடியாக முடியும் என்றும் சொல்ல முடியாது. ஒரு பெண்பிள்ளை, புருஷன் விட்டுவிட்டுப் போனவள், சாகும்போது அவன் பெயரைத்தான் சொன்னாள். வத்தலக்குண்டில் வேறு குடும்பத்தோடு இருந்தவனைக் கூட்டிவந்து நிறுத்தினார். அவள் அவனை ஒருதரம் நன்றாகப் பார்த்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்படியே போய்விட்டாள். விரல் வைக்க இடமில்லாமல் அவன் நின்றான். "இதுக்கா ரெண்டு நாளா அலைஞ்சீங்க?" என்று நான் கேட்டேன். அப்போது எனக்குக் கிண்டல் அதிகம். "திரும்பிப் படுக்கிறதுக்கும் ஒரு ஆளு முன்னாடி நிக்கணும்ல, வாத்தியாரே" என்றார்.

வாத்தியார் என்றால் நான்தான். பங்கின் ஆரம்பப் பள்ளியில் நாலாம் வகுப்பு. இரண்டு வேஷ்டி, ஒரு கோட்டு, ஊரில் ஒரு மரியாதை. அந்த மரியாதைக்கு என் தங்கச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை உலை வைத்தாள்.

அவளுக்கு மாப்பிள்ளை நானே பார்த்தேன். என்னோடு வேலை பார்த்த இன்னொரு வாத்தியார். கோவிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்களே, அதில் இரண்டு. மூன்றாவது ஞாயிறு காலையில் அவள் இல்லை. கிழங்கு ஏற்ற வரும் லாரி டிரைவரோடு போய்விட்டாள். அவன் நம் வேதம் இல்லை. சாமியார் பலிபீடத்திலிருந்து மற்றவர்களின் ஓலைகளை வாசித்தார், எங்களுடையதை விட்டுவிட்டார். கோவில் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. அன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன்: இனி அவள் இந்த வாசலை மிதித்தால் நான் மிதிக்கமாட்டேன். அப்பா இல்லாத வீட்டில் என் சொல்தான் சொல்.

ஒன்றரை வருஷம் கழித்து ஐப்பசி மழையில் அம்மா விழுந்தாள். மார்ச்சளி. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் வாசலில் கம்பளி உதறும் சத்தம் கேட்டது.

"யாரு வரணும், தாயி?"

மற்றவர்கள் மாதிரி அம்மா காக்க வைக்கவில்லை. உடனே தங்கச்சி பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எங்க இருக்குது பாப்பா?" என்று டோலிக்காரர் என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. இரண்டு மாதத்துக்கு முன்பு பள்ளிக்கூடத்து விலாசத்துக்கு ஒரு கார்டு வந்திருந்தது. பெரியகுளம் தென்கரையில் இருக்கிறோம், பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அம்மாவிடம் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். வருகைப் பதிவேட்டின் அட்டைக்குள் அதைச் செருகிவைத்திருந்தேன். தெரியாது என்று சொன்னால் இந்த மனிதர் வாசலில் உட்கார்ந்துவிடுவார். சொல்லமாட்டேன் என்றாலும் உட்கார்ந்துவிடுவார். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பழனியில இருக்கிறதாக் கேள்வி" என்றேன். "அடிவாரத்துப் பக்கம், லாரி ஷெட்டுல விசாரிச்சாத் தெரியும்."

பெரியகுளம் மலைக்குத் தெற்கே. பழனி வடக்கே. இதைவிடத் துல்லியமாக ஒரு பொய்யைச் சொல்ல முடியாது. நாலாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்தியவன் நான்.

"வெரசாப் போயிட்டு வந்துர்றேன், தாயி. கண்ண மூடிராத" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அந்த மழையில் வில்பட்டி வழியாகப் பழனிக்கு இறங்கினார். அப்போதே அறுபதைத் தாண்டியவர்.

அம்மா கண்ணை மூடவில்லை. திங்கள், செவ்வாய், புதன் மத்தியானம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் வாசல் படுதா ஆடினாலும் "வந்துட்டாளா?" என்பாள். "கீழேருந்து ஏறி வரணும்லம்மா, மழை வேற" என்று நான் சொல்வேன். சொல்லிக்கொண்டே கரண்டியால் கஞ்சி புகட்டுவேன். பார்க்க வந்தவர்கள், பிள்ளை என்றால் இப்படி இருக்கணும் என்றார்கள். இப்போது ஓடிப்போய்த் தந்தி கொடுத்தாலும் ஒரு நாளில் வந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எழுந்திருக்கலாம் என்று தோன்றும்போதெல்லாம் அந்த மூன்றாவது ஞாயிறு ஞாபகத்துக்கு வரும். உட்கார்ந்துவிடுவேன். புதன் மத்தியானம் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. யாரும் வராததால் நானே அவள் நெற்றியில் சிலுவை போட்டேன். சாமியார் எண்ணெய் பூசினார். அவள் கண் வாசலைப் பார்த்தபடியே நின்றுவிட்டது. மூடியது நான்தான்.

வியாழன் காலை அடக்கம். சாயங்காலம் துக்கத்துக்கு வந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது வாசலில் சத்தம் கேட்டது. என் தங்கச்சி முழங்கால்வரை சேற்றோடு நின்றாள். ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோனதால், கும்பக்கரையிலிருந்து அடுக்கம் வழியாகக் காட்டுப்பாதையில் ஏறி வந்திருந்தார்கள். அவளுக்குப் பின்னால் டோலிக்காரர். கம்பளி அவர் மேல் இல்லை. அதில் குழந்தையைச் சுற்றி முதுகில் கட்டியிருந்தார். அவர் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார். வலதுகாலில் ஒரு துணி சுற்றி, அது சிவந்துகிடந்தது.

வெறும் கட்டிலைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"நீ சொல்லி அனுப்பிச்சும் நான் பிந்திட்டேனே அண்ணே! தென்கரைன்னு நீ சரியாச் சொல்லியும் இந்த ஆளு ஊரை மறந்துட்டு பழனிக்குப் போயி ரெண்டு நாளு அலைஞ்சிருக்காருண்ணே! பாவி மனுசன் எங்கம்மாவ என் கண்ணுல காட்டாமப் பண்ணிட்டாரே!"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கிவிட்டது. பழனி லாரி ஷெட்டில் எந்தப் பெரியகுளத்து டிரைவரோ விவரம் சொல்லி, தன் லாரியிலேயே ஏற்றிக்கொண்டுபோய் விட்டிருக்கிறான். தங்கச்சி முதலில், அண்ணனுக்குத்தான் கார்டு போட்டேனே, அவர்தானே அனுப்பினார் என்று கேட்டிருக்கிறாள். அந்த இடத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அந்த இடத்திலேயே, ஆமாம், அண்ணன்தான் அனுப்பினார், நான்தான் ஊரை மறந்தேன் என்று சொல்லியிருக்கிறார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் குழந்தையை அவிழ்த்து ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, முற்றத்தில் நின்று கம்பளியை இரண்டு உதறு உதறினார்.

"தப்பு எம்பேர்லதான். வயசாச்சு. மறதி" என்றார். என்னை அவர் பார்க்கவில்லை.

துக்க வீட்டில் கோபத்துக்கு ஒரு ஆள் கிடைத்தால் விடுவார்களா? ஆளுக்கொன்று சொன்னார்கள். புத்தி பேதலித்துவிட்டதா, முடியாவிட்டால் முடியாது என்று சொல்லவேண்டியதுதானே, ஒரு தாயையும் மகளையும் பிரித்துவிட்டாயே என்றார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. என் தங்கச்சி என் காலைப் பிடித்துக்கொண்டு, அண்ணே அண்ணே என்று அழுதுகொண்டிருந்தாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. தங்கச்சிக்கு என்மேல் கொள்ளைப் பிரியம் வந்துவிட்டது. அவ்வளவு அவமானப்படுத்தியும் கடைசி நேரத்தில் ஆள் அனுப்பிய அண்ணன் அல்லவா? வருஷா வருஷம் சித்திரை பிறந்ததும் பெரியகுளத்திலிருந்து ஒரு கூடை மாம்பழம் பஸ்ஸில் வந்துவிடும். வைக்கோல் போட்டு, மேலே துணி தைத்து, என் பெயர் எழுதி. அந்த மாம்பழத்தை நான் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

டோலிக்காரரை யாரும் கூப்பிடுவதில்லை என்று ஆயிற்று. அந்த ஆள் ஊரை மறந்துவிடுவார் என்று பேச்சுப் பரவிவிட்டது. கம்பளி உதறும் சத்தம் கேட்டால் வீட்டுக்காரர்கள் வாசலிலேயே, வேண்டாங்க, நாங்க தந்தி கொடுத்துட்டோம் என்று அனுப்பிவிடுவார்கள். அட்டுவம்பட்டியில் கிழங்கு மண்டி வைத்திருந்த ஒருவர், மதுரையில் இருந்த மகனுக்காக ஐந்து நாள் இழுத்துக்கொண்டு கிடந்தார். மூன்று தந்தி போயிற்று. மகன் வரவில்லை. தந்தி வாசலில் வந்து உட்காராது அல்லவா? அந்த ஐந்து நாளும் டோலிக்காரர் கீழே ரோட்டோரம் மதகின் மேல் உட்கார்ந்திருந்ததை நான் பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். அவரைக் கூப்பிட்டிருந்தால் அந்த மகன் வந்திருப்பான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். என் பொய் என் அம்மாவோடு நிற்கவில்லை. அதற்குப் பின்னால் எத்தனை வீட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்ததோ.

அந்தக் கிறிஸ்மஸுக்குப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். தங்கச்சியிடம் உண்மையைச் சொல், அதுதான் உனக்கு அபராதம் என்றார் சாமியார். அடுத்த வருஷம் வேறு சாமியாரிடம் போனேன்.

டோலிக்காரரிடமும் ஒருதரம் போனேன். விறகுச் சுமையை மதகில் இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அந்த நடையில் வலதுகால் விரல் இரண்டு அழுகி, ஆஸ்பத்திரியில் எடுத்திருந்தார்கள். காலைச் சாய்த்துத்தான் நடப்பார்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். நன்றி சொல்லப் போனவன் குரல் இல்லை அது. சண்டைக்குப் போனவன் குரல்.

அவர் சுருட்டை அணைத்து, மிச்சத்தைக் காதில் செருகினார்.

"அம்மா போயிட்டாக. இனி அந்தப் புள்ளைக்குப் பொறந்த வீடுன்னு நீங்க ஒராளுதான். உங்களையும் இல்லைன்னு ஆக்கிட்டா அது எங்க போகும்?"

"உங்களை எல்லாரும் பேசுறாங்களே."

"பேசட்டும். நமக்குச் சுமக்கிறது பழக்கந்தான்" என்றார். விறகுக் கட்டின் கயிற்றை இறுக்கிக்கொண்டே, "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன், வாத்தியாரே. உங்களுக்கு எப்பச் சொல்ல முடியுதோ அப்பச் சொல்லுங்க. அதுவரைக்கும் அவ என்னைய வஞ்சுக்கிட்டு இருக்கட்டும். அதுல ஒண்ணும் கொறஞ்சிராது" என்றார்.

சுமையைத் தூக்கிவிடச் சொன்னார். தூக்கிவிட்டேன். அவ்வளவுதான் நான் அவருக்குச் செய்தது.

இந்த மனிதரை நான் வெறுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோவிலில் அவர் கடைசித் தூணில் சாய்ந்து தூங்குவது முன்வரிசையில் இருக்கும் என் பிடரியில் உறுத்தும். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் ஒரு வருஷத்தில் எல்லாம் ஆறியிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். அன்பு என்றால் இளகிய சாமான் என்று நினைப்பவர்கள் அப்படி ஒருவரோடு பத்து வருஷம் ஒரே ஊரில் இருந்து பார்க்கவேண்டும்.

பத்தாவது வருஷம் வைகாசியில் அவர் விழுந்தார். சீசன் கூட்டம். பக்கத்துக் குடிசையில் விறகு சுமக்கும் அம்மாள் ஒருத்தி பார்த்துக்கொண்டாள். அவள்தான் பள்ளிக்கூடத்துக்கு வந்து வராந்தாவில் நின்றாள்.

"டோலிக்காரருக்கு முடியலைங்க. அவரு எல்லாருகிட்டயும் கேப்பாருல்ல, அதையே நானும் கேட்டேன். உங்க தங்கச்சி வரணுங்குறாரு."

"என்னைச் சொல்லலையா?"

"இல்லைங்க. ரெண்டு தரம் கேட்டுட்டேன். அவுக வையிறாகளாம்ல இவரை. அது தீரணுங்குறாரு."

மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் பெரியகுளத்துக்குப் போனேன். தங்கச்சி நெற்றியில் குங்குமத்தோடு வாசலுக்கு ஓடிவந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் இறுகிவிட்டது. "அந்த ஆளு மூஞ்சில முழிக்க மாட்டேண்ணே. எங்கம்மாவ எனக்கு இல்லாமப் பண்ணுன ஆளு" என்று உள்ளே போய்விட்டாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. வாசலில் உட்கார்ந்தேன். அந்த வெயிலில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். மோர் கொண்டுவந்து வைத்தாள், குடிக்கவில்லை. கடைசியில் அழுதுகொண்டே சேலை மாற்றினாள். வெறுங்கையோடு வரமாட்டாள், ஒரு கூடை மாம்பழமும் பஸ்ஸில் ஏறியது. மலை ஏறுகிற மட்டும் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வளைவிலும், அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த ரோட்டில் வளைவுக்கா பஞ்சம்?

குடிசையில் அவர் பாயில் கிடந்தார். தோளில் இருந்த காய்ப்பு மட்டும்தான் முன்பு இருந்த அளவில் இருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"தாயி, பிந்திட்டேன். மன்னிச்சுக்க."

நான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு இந்த ஜென்மத்தில் வாய்க்கப்போவதில்லை. அந்த விறகுக்கார அம்மாள் என் தங்கச்சியின் கட்டைவிரலைப் பிடித்தாள். அவள் திரும்பி, "நான் போடலாமாண்ணே? நான்தான் கோயிலை விட்டுப் போயிட்டேனே" என்று என்னைக் கேட்டாள். நான் வேதம் சொல்லிக்கொடுக்கிறவன் அல்லவா?

"போடு" என்றேன்.

நான் செய்த பாவத்துக்காக என் தங்கச்சி அவரை மன்னித்து, அவர் நெற்றியில் சிலுவை போட்டாள். அவர் கண் அவளைத் தாண்டி என்மேல் வந்து நின்றது. அதில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். கூட்டிவந்துவிட்டீர்களே என்று நன்றி சொல்கிற மாதிரி இருந்தது. விளக்கு வைப்பதற்கு முன்பே போய்விட்டார்.

அடக்கத்துக்கு இருபது பேர்கூட இல்லை. முடிந்து தங்கச்சியை பஸ் ஏற்ற வந்தேன். டிரைவர் இஞ்சினைப் போட்டுவிட்டார். ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தவள் வெளியே எட்டி என் கையைப் பிடித்தாள்.

"பாவம்ணே. நல்ல மனுசன். அவரைப் போயி பத்து வருசமா வஞ்சுருக்கேன். எனக்குத்தான் பாவம்."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அந்த இஞ்சின் சத்தத்தில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு, பதிவேடு, பழனி, அவர் ஏற்றுக்கொண்டது. சத்தமாகச் சொல்லவேண்டியிருந்தது, முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அழவில்லை.

"அம்மா என்னையக் கேட்டாளா?"

"கேட்டா."

"எத்தன நாளு?"

"மூணு நாளும்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் நேரே முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்குச் சாவு வரும்போது ஆள் அனுப்புறேன். அதுக்கு முந்தி வராத."

பஸ் போய்விட்டது. வீட்டில் அவள் கொண்டுவந்த கூடை இருந்தது. பிரிக்காமலே வைத்திருந்தேன், ஒரு வாரத்தில் ஈ மொய்க்க ஆரம்பித்தது. கொண்டுபோய்ப் புதைத்தேன். அடுத்த சித்திரைக்குக் கூடை வரவில்லை. அதற்கப்புறம் எந்தச் சித்திரைக்கும் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு அண்ணன் மிஞ்சட்டும் என்று அவர் பத்து வருஷம் சுமந்ததை, என் நெஞ்சு கனக்கிறது என்று நான் ஒரு பஸ் ஜன்னலில் இறக்கிவைத்துவிட்டேன். சொன்னது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சொல்லாமல் இருந்தது தப்பு என்பது மட்டும் தெரியும்.

இப்போது எனக்கு நடக்க முடியவில்லை. மழை நாளில் வாசலில் யாராவது எதையாவது உதறினால் எழுந்து நிற்கப் பார்க்கிறேன். பெரும்பாலும் பால்காரர் குடையை உதறுவார். தங்கச்சி இருக்கிறாள் என்றுதான் கேள்வி. ஆள் வரவில்லை. எனக்குத்தான் முந்தி வரும் போலிருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்க இந்த மலையில் இப்போது யாரும் இல்லை. அதனால் கேட்காமலே சொல்லிவைக்கிறேன்.

என் தங்கச்சி வரணும்.